70 சதவீத ஆல்கஹாலும் புற ஊதா விளக்கும் இருந்தும் லேமினார் பெட்டியில் தொற்று ஏன் நிற்கவில்லை?

கேள்வி: திசுவளர்ப்பு ஆய்வாளர்

வணக்கம். தாவரத் திசு வளர்ப்புக்காகப் பலரும் மாறிமாறிப் பயன்படுத்தும் ஒரு லேமினார் பெட்டியை (வடிகட்டிய காற்று ஒரே திசையில் சீராக வீசும் வேலைப் பெட்டி) பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பின்சுவரிலுள்ள ஹெப்பா வடிகட்டியிலிருந்து காற்று வேலை செய்பவரை நோக்கி வரும் கிடைமட்ட வகைப் பெட்டி அது. சில காலமாக ஒரே மாதிரியான தொற்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஊடகத்தின் (திசு வளரும் ஊட்டக் கூழ்) மேல் வெண்மையும் மஞ்சளும் கலந்த, உலர்ந்து சுருங்கிய விளிம்புடைய பாக்டீரியத் திட்டுகள் இரண்டு மூன்று நாள்களில் தோன்றி வேகமாகப் பரவுகின்றன. எப்போதாவது பச்சைப் பூஞ்சையும் வருகிறது என்றாலும், பெரும் இழப்பு அந்தப் பாக்டீரியாவால்தான்.

இங்கு வழக்கமாக நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முன் ஊதுவிசிறியை நிறுத்தி வைத்து, புற ஊதா விளக்கை அரை மணி நேரம் எரியவிடுகிறார்கள். பின்பு விளக்கை அணைத்து, விசிறியை இயக்கி, உட்புறம் முழுவதும் 70 சதவீத எத்தனாலைத் தெளித்துப் பஞ்சால் துடைத்துவிட்டு, உடனே வேலையைத் தொடங்குகிறார்கள். இடுக்கியையும் கத்தியையும் எத்தனால் நிரம்பிய குவளையில் மூழ்கவைத்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிப் பயன்படுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் ஒருமுறை எத்தனாலால் துடைக்கிறார்கள்.

ஒரு சோதனை மட்டும் செய்து பார்த்தேன். ஆட்டோகிளேவிலிருந்து (அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கருவி) எடுத்த ஊடகக் குப்பிகளில் சிலவற்றைத் திறக்காமலேயே வளர்ப்பறையில் வைத்திருந்தேன். அவற்றில் எதுவும் வளரவில்லை. தொற்று வரும் குப்பிகளில் பெரும்பாலானவை பெட்டியின் வலப்பக்கத்தில் வைத்துக் கையாளப்பட்டவை என்பதும் என் கண்ணில் பட்டது. எந்தக் கிருமிநாசினியை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும், புற ஊதா விளக்கை எவ்வளவு நம்பலாம், வடிகட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஆய்வக மேலாளர்

வணக்கம். திறக்காத குப்பிகள் தெளிவாக இருக்கின்றன என்பது மிகவும் பயனுள்ள தகவல். ஆட்டோகிளேவைப் பற்றிய சந்தேகத்தை அதனால் விட்டுவிடலாம். இனி எஞ்சுபவை திசுத் துண்டு, கருவிகள், வேலை செய்பவரின் கைகள், பெட்டி ஆகியவை மட்டுமே. பாக்டீரியா திசுத் துண்டின் அடிப்பகுதியைச் சுற்றி வளையமாகத் தொடங்கினால் அது பெரும்பாலும் திசுவுக்குள்ளிருந்தே வந்ததாக இருக்கும். பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. திசுவிலிருந்து விலகி ஊடகத்தின் பரப்பில் ஆங்காங்கே புள்ளியாகத் தொடங்கினால், அது காற்றிலிருந்து விழுந்தது, அல்லது கருவியும் விரலும் கொண்டுவந்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கிருமிநாசினியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடுத்ததாகப் படிவுத் தட்டுச் சோதனை செய்யுங்கள். ஊட்ட அகார் ஊற்றிய 90 மில்லிமீட்டர் பெட்ரித் தட்டுகளை, விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வடிகட்டிக்கு அருகிலும், நடுவிலும், இடவலப் பக்கங்களிலும், முன் விளிம்பிலும் மூடியைத் திறந்து வையுங்கள். ஒரு தட்டை மூடியபடியே உள்ளேயும், ஒன்றைத் திறந்தபடி அறையிலும் வைத்தால்தான் ஒப்பிட முடியும். மருந்து உற்பத்திக்கான ஐரோப்பிய நெறிமுறைகளின்படி, மிகத் தூய்மையான ‘ஏ’ தரப் பகுதியில் இத்தகைய தட்டு அதிகபட்சம் 4 மணி நேரம் திறந்திருந்தாலும் அதில் எதுவும் வளரக் கூடாது. உங்களுக்கு ஒரு மணி நேரமே போதும். கிடைமட்டக் காற்றில் அகார் விரைவாக உலர்ந்துவிடும், உலர்ந்த தட்டில் எதுவும் வளராமல் இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. பிறகு அதே சோதனையை, ஒருவர் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும்போது மறுபடி செய்யுங்கள். வேறு ஒரு தட்டில் இடுக்கியின் முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

நீங்கள் விவரிக்கும் திட்டுகள் பேசில்லஸ் வகையை நினைவூட்டுகின்றன. வெறும் தோற்றத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதுவாக இருந்தால் உங்கள் சிக்கல் முழுவதும் விளங்கிவிடும். பேசில்லஸ் அகவித்துகளை, அதாவது கடும் சூழலையும் தாங்கும் உறங்குநிலை வித்துகளை, உருவாக்கும் பாக்டீரிய இனம். அகவித்தை எந்தச் செறிவிலும் ஆல்கஹால் கொல்வதில்லை. 70 சதவீதம் என்பதற்குக் காரணம் உண்டு: புரதங்களைச் சிதைப்பதற்கு நீரும் தேவைப்படுகிறது, தூய எத்தனால் மிக வேகமாக ஆவியாகிவிடுகிறது. ஆனால் அந்தச் செறிவு வளர்நிலையிலுள்ள பாக்டீரியாவுக்கும் பல பூஞ்சைகளுக்கும் வைரஸ்களுக்கும் பொருந்துவது. அகவித்து இருக்கும் பரப்பில் எத்தனாலைத் தெளித்துப் பஞ்சால் தேய்த்தால், ஒரு மூலையில் இருந்தது பெட்டி முழுவதும் பரவுகிறது.

ஆகவே முதலில் அழுக்கை அகற்றுங்கள். சிந்திய ஊடகத்தின் சர்க்கரையும் அகாரும் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரப்பில் ஒட்டியிருக்கும். எந்தக் கிருமிநாசினியும் அந்தப் படலத்தின்மேல் வீணாகிறது. மிதமான சோப்பு நீரால் அதைத் தேய்த்து எடுத்து, கிருமிநீக்கிய நீரால் துடையுங்கள். அதன் பிறகு வித்துக்கொல்லி ஒன்றைப் பயன்படுத்துங்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடும் பெரசெட்டிக் அமிலமும் கலந்த ஆயத்தக் கரைசல், அல்லது அன்றன்று தயாரித்த 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். பரப்பு குறைந்தது 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். உலரத் தொடங்கினால் மீண்டும் நனையுங்கள். ஹைப்போகுளோரைட் துருப்பிடிக்காத எஃகையும் அரித்துக் குழிவிழச் செய்யும் என்பதால், நேரம் முடிந்ததும் கிருமிநீக்கிய நீரால் இரண்டு முறை துடைத்தெடுத்து, கடைசியாக 70 சதவீத ஆல்கஹாலால் முடியுங்கள். ஹைப்போகுளோரைட்டை ஆல்கஹாலோடும் அமிலத்தோடும் ஒருபோதும் கலக்க வேண்டாம்; நச்சுப் பொருள்கள் உண்டாகும். வித்துக்கொல்லியை நாள்தோறும் பயன்படுத்தத் தேவையில்லை. இப்போது தொற்று அடங்கும்வரை அடிக்கடியும், பிறகு வாரம் அல்லது மாதம் ஒருமுறையும் போதும்.

துடைக்கும் முறை கரைசலுக்கு இணையாக முக்கியமானது. பஞ்சைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதன் நார்கள் காற்றில் பறக்கும். இழை உதிராத துடைப்புத் துணியை நான்காக மடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புதிய முகத்தைப் பயன்படுத்துங்கள். தூய பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதே விதி. உங்கள் பெட்டியில் தூய பக்கம் என்பது வடிகட்டி இருக்கும் பின்புறம். முதலில் மேற்கூரை, பிறகு பக்கச் சுவர்களில் பின்னாலிருந்து முன்னால் வரும்படி மேலும் கீழுமான இழுப்புகள், கடைசியாக மேசைப் பரப்பில் பின்னாலிருந்து தொடங்கி இடவலமான இழுப்புகள். ஒவ்வோர் இழுப்பும் முந்தையதைச் சற்று மேவ வேண்டும். வட்டவட்டமாகத் தேய்ப்பதும் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பதும் எடுத்த அழுக்கையே திருப்பி வைக்கும். வடிகட்டியின் பாதுகாப்பு வலையை நோக்கி எதையும் தெளிக்காதீர்கள். கரைசலைத் துணியில் நனைத்துக்கொள்வதே எப்போதும் பாதுகாப்பானது. ஈரமான வடிகட்டி இழை வலுவிழந்து கிழியக்கூடும்.

உங்கள் தெளிப்பான் புட்டியையும் சோதிக்க வேண்டும். ஆல்கஹாலில் நீர்த்துப்போகச் சேர்க்கும் நீரிலேயே அகவித்து இருக்கலாம்; தீரத் தீர மேலே ஊற்றி நிரப்பும் புட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். கிருமிநீக்கிய நீரில் தயாரித்து, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கழுவி உலர்த்திய புட்டியில் நாள் குறித்து வையுங்கள்.

பதில் 2: வடிகட்டிச் சேவைப் பொறியாளர்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியைத் தூய்மையாக வைத்திருப்பது முதன்மையாக அதுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் வடிவமைத்த தூய்மை அறையின் அடிப்படையே, வடிகட்டிய காற்று ஒரே திசையில் இடைவிடாமல் நகர்ந்து, உள்ளே உண்டாகும் துகள்களை உடனுக்குடன் வெளியே தள்ளிவிட வேண்டும் என்பதாகும். அந்த ஓட்டம் எங்கே தடைபடுகிறதோ அங்கே பெட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

விசிறியை இயக்கிய உடனே வேலையைத் தொடங்குவதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். விசிறி நின்றிருந்த நேரத்தில் அறைக் காற்று பெட்டிக்குள் தாராளமாக வந்து போயிருக்கும். விசிறி ஓடத் தொடங்கி 15 முதல் 30 நிமிடங்களாவது கடந்த பிறகுதான் உள்ளே எதையும் திறக்க வேண்டும்.

ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். பலர் நினைப்பதைப் போல, அதைவிடச் சிறியவை எல்லாம் நழுவிவிடும் என்பதில்லை. பெரிய துகள்கள் நேராக வந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் தள்ளப்பட்டு அலைவதால் எங்காவது ஓர் இழையில் சிக்குகின்றன. இரண்டு வழிகளிலும் பிடிபடக் கடினமானது 0.3 மைக்ரானுக்கு அருகிலுள்ள அளவுதான் என்பதால், அதை வைத்து அளக்கிறார்கள். பாக்டீரிய அகவித்து பொதுவாக அதைவிடப் பெரியது. ஆகவே நல்ல நிலையிலுள்ள வடிகட்டியின் வழியே அது வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் வடிகட்டிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள அடைப்புப் பட்டை விலகியிருந்தாலோ, யாரோ இடுக்கியின் முனையால் இழையில் சிறு துளை போட்டிருந்தாலோ கதை வேறு. அதைக் கண்டறிய, வடிகட்டியின் பின்புறத்தில் பி.ஏ.ஓ. (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்) எண்ணெய்ப் புகையைச் செலுத்தி, முன்புறம் முழுவதும் ஒளிமானியால் தடவிப் பார்ப்போம், ஓரிடத்தில் 0.01 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் அந்த வடிகட்டியைச் சரிசெய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையும், பெட்டியை இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை அவசியம்.

நீங்களே நாள்தோறும் செய்யக்கூடியது அழுத்தமானியைப் படிப்பது. புதிய வடிகட்டி பொருத்தியபோது முள் எங்கே நின்றது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த அளவிலிருந்து மெல்ல மெல்ல ஏறினால் வடிகட்டியில் தூசி நிறைந்து வருகிறது என்று பொருள். ஒரே நாளில் சடாரென்று இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது விசிறியில் கோளாறு. காற்றின் வேகத்தை அனிமாமீட்டரால் பல புள்ளிகளில் அளந்தால், வினாடிக்கு 0.45 மீட்டருக்கு அருகில், 20 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். ஒரு மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து போனாலோ, பக்கத்திலுள்ள கதவு திறந்தாலோ, குளிர்சாதனக் காற்று நேராக அடித்தாலோ, அந்த மெல்லிய ஓட்டம் கலைந்துவிடும். உங்கள் வலப்பக்கத்தில் கதவோ குளிர்சாதனமோ இருக்கிறதா? அந்தப் பக்கத்தில் குப்பித் தாங்கி, துணிப் பெட்டி, விளக்கு ஆகியவற்றை நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்களா? ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால், அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம்வரை காற்று சுழன்றுகொண்டிருக்கும். முன் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்துக்கு உட்பட்ட பகுதியில் எந்தக் குப்பியையும் திறக்கக் கூடாது.

முன்வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் மேலோ அடியிலோ, விசிறி காற்றை இழுக்கும் இடத்தில் இருக்கும். அது கழுவக்கூடிய வகையானால் சோப்பு நீரில் கழுவி, முழுமையாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அதுவே பூஞ்சைக்கு இருப்பிடமாகிவிடும். ஹெப்பாவைக் கழுவவோ, ஊதவோ, தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யவோ எந்தக் காரணத்தைக் கொண்டும் முயலாதீர்கள்.

திசுவளர்ப்பு ஆய்வாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே தட்டுகளை வைத்துப் பார்த்தேன். யாரும் வேலை செய்யாதபோது வடிகட்டிக்கு அருகிலும், நடுவிலும், இடப்பக்கத்திலும் எதுவும் வளரவில்லை. வலப்பக்க முன் மூலையில் வைத்த தட்டில் மட்டும் அதே சுருங்கிய விளிம்புடைய திட்டுகள் வந்தன. இடுக்கியை இழுத்த தட்டிலும், இழுத்த கோட்டின் வழியே அதே திட்டுகள். வலப்பக்கத்திலிருந்த குப்பித் தாங்கியைத் தூக்கியபோது, அதன் அடியிலும், பக்கச் சுவர் மேசையோடு சேரும் இடுக்கிலும் உலர்ந்த ஊடகம் கெட்டியாகப் படிந்திருந்தது. முன்வடிகட்டி சாம்பல் நிறத் தூசியால் மூடியிருந்ததால் புதியதை மாட்டிவிட்டோம். அழுத்தமானி, ஒட்டியிருக்கும் அளவைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டுகிறது.

இப்போது மூன்று ஐயங்கள். எங்கள் பெட்டியின் பக்கச் சுவர்கள் அக்ரிலிக்கால் ஆனவை. அவற்றில் இந்தக் கரைசல்களைப் பயன்படுத்தலாமா? மூத்தவர்கள் சிலர், அறையையும் பெட்டியையும் சேர்த்து ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) புகையூட்டினால் எல்லாம் ஒரே இரவில் தீர்ந்துவிடும் என்கிறார்கள், அது சரியா? தட்டில் வளர்ந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து என்ன இனம் என்று பார்க்க விரும்புகிறேன். அதை இதே பெட்டியில் செய்துகொள்ளலாம் அல்லவா?

பதில் 3: உயிரியல் பாதுகாப்பு அலுவலர்

கடைசி ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. தயவுசெய்து அந்தத் தட்டுகளைக் கிடைமட்டப் பெட்டியில் திறக்காதீர்கள். அந்தப் பெட்டி உள்ளே இருக்கும் பொருளைக் காக்கிறதே தவிர, உங்களைக் காப்பதில்லை. தட்டின் மேல் பட்ட காற்று நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது. எந்த இனம் என்று தெரியாத பாக்டீரியாவையும், வித்து நிறைந்த பூஞ்சையையும் அந்தக் காற்றில் திறப்பது உங்கள் உடல்நலத்துக்கும் கேடு, பெட்டியையும் மறுபடி மாசுபடுத்தும். அத்தகைய வேலைக்கு இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டி வேண்டும். அதில் முன்வாய் வழியே அறைக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு முன்புறச் சல்லடைக்குள் இறங்கிவிடும். மேலிருந்து வடிகட்டிய காற்று பொருளின்மேல் இறங்கும். வெளியேறும் காற்றும் ஹெப்பா வழியாகவே போகும். தொற்று கண்ட குப்பிகளையும் தட்டுகளையும் திறக்காமலேயே ஆட்டோகிளேவில் இட்டுக் கொன்ற பிறகுதான் கழுவ அனுப்ப வேண்டும். குப்பியை முதலில் திறந்து கொட்டிவிட்டுப் பிறகு கழுவும் வழக்கம் எங்கே இருந்தாலும், அந்த அறையில் வித்துகள் குறையவே குறையாது.

உங்களுக்கு இரண்டாம் வகுப்புப் பெட்டியைப் பயன்படுத்த வாய்ப்புக் கிடைத்தால், அதைச் சுத்தம் செய்யும் முறை சற்று வேறுபடும். மேசைத் தகட்டைத் தூக்கினால் அடியில் ஒரு தொட்டி இருக்கும். மேலே சிந்தியவை எல்லாம் சல்லடை வழியே அங்கே போய்ச் சேர்கின்றன. மாதம் ஒருமுறையாவது அதைத் துடைக்க வேண்டும். துடைக்கும் தாளைப் பின்சல்லடைக்கு அருகில் தளர்வாக விடக் கூடாது. உள்ளே இழுக்கப்பட்டு விசிறியில் போய்ச் சிக்கும். ஏதாவது சிந்திவிட்டால், விசிறியை நிறுத்தாதீர்கள். சிந்தியதை உறிஞ்சும் தாளால் மூடி, கிருமிநாசினியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி, 20 முதல் 30 நிமிடம் விட்டுப் பிறகு எடுங்கள்.

ஃபார்மலின் பற்றி: வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த வாயுவுக்கு ஈரப்பதமும், கசிவில்லாமல் அடைக்கப்பட்ட இடமும், முடிந்தபின் நடுநிலையாக்கலும், நீண்ட காற்றோட்டமும் தேவை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு கலந்து புகையெழுப்பும் முறையில் கலவை கடுமையாகக் கொதித்துத் தெறிக்கும். உயிரியல் பாதுகாப்புப் பெட்டியின் வடிகட்டியை மாற்றுவதற்கு முன், பயிற்சி பெற்றவர்கள் இத்தகைய வாயுவையோ, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியையோ பயன்படுத்துவதுண்டு. உங்கள் நிலையில் அதற்கு இடமே இல்லை: ஊடகம் கெட்டியாகப் படிந்திருக்கும் ஓர் இடுக்கை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அந்தப் படிவின் உட்புறத்தை வாயு சென்றடையும் என்று எந்த உறுதியும் கிடையாது. சுரண்டி எடுத்துக் கழுவுவதுதான் வழி.

அக்ரிலிக் சுவர்களை ஆல்கஹால் நாளடைவில் வெளிறச் செய்து, மயிரிழை விரிசல்களை உண்டாக்கும்; அந்த விரிசல்களே பிறகு அழுக்குக்கு இடம் தரும். சோப்பு நீர், பெராக்சைடு கரைசல், பிறகு நீர் என்ற வரிசையை அங்கே கடைப்பிடியுங்கள். ஆல்கஹாலை நனைத்துப் பிழிந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புற ஊதா விளக்கைப் பற்றி யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. 253.7 நானோமீட்டர் ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது நேராக விழும் பரப்பில் மட்டும் வேலை செய்கிறது: தாங்கியின் அடியிலோ, இடுக்கிலோ, தூசிப் படலத்தின் கீழோ அது போவதில்லை. விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு அது வேலை செய்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவதற்கு வெகு காலம் முன்பே கிருமிகொல்லும் ஒளி குறைந்துவிடும். அமெரிக்காவின் சி.டி.சி. (நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள்), என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) ஆகியவற்றின் உயிரியல் பாதுகாப்பு வழிகாட்டுதல், பாதுகாப்புப் பெட்டிகளுக்குப் புற ஊதா விளக்கு கட்டாயமும் இல்லை, தேவையும் இல்லை என்று கூறுகிறது. உங்கள் நடைமுறையில் விசிறியை நிறுத்தி வைத்து விளக்கை எரியவிடும் அந்த அரை மணி நேரத்தை, விளக்கை அணைத்துவிட்டு விசிறியை ஓடவிடுவதற்குச் செலவிட்டால் நன்மை அதிகம்.

பதில் 4: நாற்றங்கால் ஆய்வகப் பொறுப்பாளர்

புற ஊதா விளக்கைப் பற்றி எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. கழுவித் துடைத்த வெறும் பெட்டியில், இரவு நேரத்துக்கு ஒரு கூடுதல் காப்பாக அதை வைத்திருப்பதில் தவறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் வைத்திருப்பவர் அதை அளக்க வேண்டும். மேசைப் பரப்பின் நடுவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 40 மைக்ரோவாட் இல்லையென்றால் குழாயை மாற்ற வேண்டும். குழாயை வாரம் ஒருமுறை, அணைத்துக் குளிர்ந்த பிறகு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன்மேல் படியும் தூசி ஒளியை மறைத்துவிடும். விளக்கு எரியும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது. சில நிமிடம் நேராகப் பட்டாலே கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும் அழற்சி வரும், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். காலையில் முதலில் வருபவர் அதைக் கவனிக்காமல் பெட்டிக்கு முன் அமர்ந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மூடியைத் திறந்தால் தானே அணையும் இணைப்பு இல்லாத பெட்டியானால், மேலே சொன்னவரின் அறிவுரைப்படி விளக்கை விட்டுவிடுவதே நல்லது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இடுக்கியைப் பற்றி. நீங்கள் கண்ட கோட்டு வளர்ச்சி மிகத் தெளிவான சான்று. எத்தனால் குவளையில் மூழ்கவைத்துச் சுடரில் காட்டும்போது, கருவியின் மேலுள்ள ஆல்கஹால் ஓரிரு வினாடி எரிந்து அணைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் உலோகம் அகவித்தைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. திசுத் துணுக்குகளும் ஊடகமும் குவளையின் அடியில் சேர, பேசில்லஸ் அகவித்து அந்த எத்தனாலுக்குள்ளேயே உயிரோடு காத்திருக்கும். ஒவ்வொரு முறை இடுக்கியை எடுக்கும்போதும் ஒரு பங்கு வெளியே வரும். திசு வளர்ப்பில் பேசில்லஸ் தொற்று நிலைத்துவிடுவதற்கு இது நன்கு அறியப்பட்ட வழி. கண்ணாடி மணிகளை ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும் கிருமிநீக்கியில், கரைசல் ஏதுமின்றித் துடைத்த இடுக்கியை, அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம்வரை செருகி வைப்பது நல்லது. அது இல்லையென்றால், ஆட்டோகிளேவ் செய்த பல ஜோடிக் கருவிகளை உறையோடு வைத்துக்கொண்டு, சில குப்பிகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். குவளையையும் அதிலுள்ள எத்தனாலையும் ஒவ்வொரு நாளும் மாற்றி, குவளையை ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.

எத்தனால் குவளையும் ஸ்பிரிட் விளக்கும் அருகருகே இருப்பது தீ விபத்துக்கும் வழி. துடைத்த ஆல்கஹால் முழுமையாக உலரும்வரை சுடரை ஏற்றக் கூடாது. அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றும். சுடரிலிருந்து எழும் சூடான காற்று பெட்டியின் சீரான ஓட்டத்தையும் கலைக்கிறது.

திசுவளர்ப்பு ஆய்வாளர்

பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் வேலையை நுண்ணுயிரியல் துறையின் பாதுகாப்புப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன். இடுக்கு படிவைச் சுரண்டி எடுத்துவிட்டோம். அங்கே பழைய சிலிக்கோன் பூச்சு பெயர்ந்து, அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் ஊடகம் இருப்பது தெரிகிறது. அதை என்ன செய்வது? விசிறியை இரவு முழுவதும் ஓடவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

வடிகட்டிச் சேவைப் பொறியாளர்

பெயர்ந்த சிலிக்கோனை முழுவதுமாக அகற்றிவிடுங்கள். மேலே புதிதாகப் பூசி மறைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, சோப்பு நீர், வித்துக்கொல்லி, நீர், கடைசியில் பிழிந்த துணியில் ஆல்கஹால் என்ற வரிசையில் துடைத்து, முற்றிலும் உலரவிட்டு, பூஞ்சை எதிர்ப்புள்ள சிலிக்கோனைப் பூசுங்கள். அது இறுகும்போது ஆவி வரும் என்பதால், விசிறியை ஓடவிட்டு, ஒரு முழு நாள் பெட்டியில் வளர்ப்பு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வலப்பக்கச் சுவரை அசைத்துப் பார்த்து, சட்டத்தின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் சோதியுங்கள். பூச்சு தானாகப் பெயர்வதற்கு அதிர்வு ஒரு பொதுவான காரணம்.

விசிறியை இரவெல்லாம் ஓடவிடலாம். சில ஆய்வகங்களில் குறைந்த வேகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வடிகட்டி சற்று விரைவாக நிறையும், முன்வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவே. நிறுத்துவதானால், முன்வாயை மூடியால் அடைத்துவிட்டு நிறுத்துங்கள். பூச்சு இறுகிய பிறகு, அதே வலப்பக்க முன் மூலையில் தட்டு வைக்கும் சோதனையைத் தொடர்ந்து சில வாரங்களுக்குச் செய்து, ஒவ்வொரு முறையும் அழுத்தமானி அளவையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தட்டுகள் தெளிவாக இருந்தும் அந்தப் பக்கத்துக் குப்பிகளில் தொற்று வந்தால், அப்போது அடைப்புப் பட்டையில் கசிவு இருக்கிறதா என்று பி.ஏ.ஓ. சோதனைக்கு ஆளை அழையுங்கள்.